வில்லோடு வாழ்ந்த கடைசி மனிதர்
ஓர் இனமே அழிந்த பிறகு தன்னந்தனியாக மிஞ்சிய இஷியின் கதை

நாஞ்சில் நாட்டில் வில் பாடும்.

கோவில் கொடை நாளில் குடத்தின் மேல் வில்லைக் கட்டி வைப்பார்கள். நாணிலே மணிகள் தொங்கும். வீசுகோலால் தட்டியதும் மணிகள் கலகல என்று ஒலிக்கும். உடுக்கும் தாளமும் சேர்ந்துகொள்ள, விடிய விடியக் கதை நடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்களில் வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். வேட்டைக்குப் போன வில்தான் பாட்டுக்கும் வந்தது என்று பெரியவர்கள் சொல்வது உண்டு.

கடல் கடந்து, அமெரிக்காவிலும் ஒரு வில் பாடியது.

அந்த வில்லுக்கு உரியவர் அதன் ஒரு நுனியை வாயோரம் வைத்துக்கொள்வார். ஓர் அம்பை எடுத்து நாணை மெல்லத் தட்டுவார். யாழ் போல இனிய ஓசை எழும். அந்த ஓசையோடு அவர் ஒரு கதையைப் பாடுவார்.

முன்னொரு காலத்தில் பெரிய வீரன் ஒருவன் இருந்தான். அவன் தன் அம்பை நெருப்பிலே தோய்த்தான். பிறகு கடலிலே தோய்த்தான். சூரியனைக் குறி பார்த்து எய்தான். சூரியன் அணைந்துவிட்டது! உலகமே இருண்டது. மனிதர்கள் குளிரால் நடுங்கினார்கள். குளிர் தாங்க அவர்கள் உடம்பில் இறகுகள் முளைத்தன. அப்படிப் பிறந்தவைதான் பறவைகள். இதுதான் அந்தக் கதை.

இதைப் பாடியவரின் பெயர் இஷி. அவருடைய மொழியில் அவரோடு பேச உலகத்தில் வேறு ஆள் கிடையாது. அவருடைய இனத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்!

தங்கம் வந்தது, துன்பமும் வந்தது

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா மாநிலம் இருக்கிறது. அதன் வட பகுதியில் லாசன் என்ற எரிமலை உண்டு. மலையடிவாரத்தில் மில் கிரீக், டீர் கிரீக் என்று இரண்டு ஓடைகள் பாய்கின்றன. அந்த ஓடைக்கரைகளில் யாகி என்ற பழங்குடியினர் வாழ்ந்தார்கள். அவர்கள் சில நூறு பேர்தான்.

மான் வேட்டை, மீன் பிடித்தல், ஓக் மரத்தின் கொட்டையை இடித்துக் கூழ் காய்ச்சுதல், இதுவே அவர்கள் வாழ்க்கை. இரும்பு அவர்களுக்குத் தெரியாது. துப்பாக்கியும் தெரியாது.

1848-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே உலகத்தின் நாலா திசைகளில் இருந்தும் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். காடுகள் அழிந்தன. ஓடைகள் கலங்கின. மீன் குறைந்தது. மான்கள் ஓடி மறைந்தன. பசி தாங்காத பழங்குடியினர் குடியேறியவர்களின் கால்நடைகள் மீது கை வைத்தார்கள். குடியேறியவர்கள் கூட்டமாகத் துப்பாக்கியோடு கிளம்பினார்கள். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் சுட்டுத் தள்ளினார்கள்.

1860-களில் இந்தக் கொடுமை உச்சத்துக்குப் போயிற்று. 1870-களின் தொடக்கத்தில் யாகி இனமே அழிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் ஒரு சிலர் தப்பிப் பிழைத்திருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவனும் இருந்தான். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் இஷி என்று பெயர் பெற்றவர்.

நாற்பது ஆண்டு ஒளிவு வாழ்க்கை!

அவர்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டு காலம் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தார்கள்.

மண்ணில் கால் பதிந்தால் தடம் தெரியும். ஆகவே கல்லுக்குக் கல் தாவி நடந்தார்கள். புகை எழுந்தால் ஆட்கள் வருவார்கள். ஆகவே நெருப்பைச் சிறிதாகவே மூட்டினார்கள். செங்குத்தான பாறைச் சரிவில் கயிறு கட்டி இறங்கித் தண்ணீர் எடுத்தார்கள். புதருக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்தே வழி உண்டாக்கினார்கள்.

அந்த வாழ்க்கைக்கு வில்லைப் போன்ற துணை வேறு இல்லை. துப்பாக்கி வெடித்தால் மலை முழுவதும் எதிரொலிக்கும். வில்லுக்குச் சத்தம் இல்லை. அதனால்தான் இஷியின் உயிர் அவர் வில்லிலே இருந்தது.

நாளாக நாளாக ஒவ்வொருவராக இறந்து போனார்கள். 1908-ம் ஆண்டில் நான்கே பேர் எஞ்சியிருந்தார்கள். இஷி, நோயாளியான அவர் தாய், சகோதரி முறையான ஒரு பெண், ஒரு முதியவர்.

அந்த ஆண்டு நவம்பர் மாதம் நிலம் அளக்க வந்த கூட்டம் ஒன்று அவர்களின் குடிசையைக் கண்டுபிடித்துவிட்டது. முதியவரும் அந்தப் பெண்ணும் ஓடி மறைந்தார்கள். அவர்களை இஷி அதன் பிறகு பார்க்கவே இல்லை. தாயால் எழுந்து நடக்க முடியவில்லை. போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, போர்வை என்று கையில் அகப்பட்டதை எல்லாம் வேடிக்கைப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம் அது!

சில நாளில் தாய் இறந்தார். இஷி தனி ஆள் ஆனார்.

இறைச்சிக் கொட்டகையில் ஒரு மனிதர்

1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி. ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே ஓர் இறைச்சிக் கொட்டகை. அங்கே நாய்கள் குரைத்தன. ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் ஒடுங்கி நின்றார். வயது சுமார் ஐம்பது. தலைமுடி நெருப்பில் பொசுக்கிக் குறைக்கப்பட்டிருந்தது. அது அவர் இனத்தில் துக்கத்தின் அடையாளம்.

ஊர்க் காவல் அதிகாரி அவரைப் பாதுகாப்புக்காகச் சிறை அறையில் வைத்தார். பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். பல மொழிகளில் பேசிப் பார்த்தார்கள். ஒன்றுமே அவருக்குப் புரியவில்லை.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் வாட்டர்மன் ரயிலேறி வந்தார். யாகி மொழிக்கு உறவான ஒரு மொழியின் சொற்பட்டியல் அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இஷி அசையவே இல்லை. கடைசியில் சிவினி என்ற சொல்லைச் சொல்லிக் கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டினார். சிவினி என்றால் பைன் மரம். இஷியின் முகம் மலர்ந்தது! அவரும் கட்டிலைத் தட்டி அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று ஆண்டுக்குப் பிறகு அவர் காதில் விழுந்த முதல் தாய்மொழிச் சொல் அது.

செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அவர் சான்பிரான்சிஸ்கோ நகரின் பொருட்காட்சி சாலைக்கு வந்து சேர்ந்தார். அதன் தலைவர் பேராசிரியர் குரோபர் அவரை அன்போடு வரவேற்றார். சொந்தப் பெயரைத் தாமே சொல்லும் வழக்கம் யாகி மக்களிடம் இல்லை. ஆகவே குரோபர் அவருக்கு இஷி என்று பெயர் வைத்தார். அவர் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள்.

நகரத்தின் உயரமான கட்டடங்கள் அவரை அதிகம் வியப்பில் ஆழ்த்தவில்லை. மலைகளைப் பார்த்த கண் அல்லவா! ஆனால் கூட்டத்தைக் கண்டு திகைத்துப் போனார். இத்தனை மனிதர்கள் உலகத்தில் உண்டு என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பொருட்காட்சி சாலையிலேயே அவருக்கு வேலை கிடைத்தது. மாதம் 25 டாலர் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் முன்னிலையில் அம்பு செய்து காட்டுவார்.

டாக்டர் சீடர் ஆனார்!

பொருட்காட்சி சாலைக்குப் பக்கத்திலேயே பல்கலைக் கழக ஆஸ்பத்திரி இருந்தது. 1912-ம் ஆண்டில் அங்கே சாக்ஸ்டன் போப் என்ற அறுவை டாக்டர் வேலைக்கு வந்தார். இஷிக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு நண்பர் ஆனார். கடைசியில் வில்வித்தையில் அவருக்குச் சீடரே ஆகிவிட்டார்.

இஷியின் வில் ஜூனிப்பர் மரத்தால் ஆனது. அதன் முதுகில் மான் நரம்பை நாராகக் கிழித்து ஒட்டுவார். மீன் தோலைக் காய்ச்சி எடுத்த பசைதான் அதற்கு. நாணை இழுக்கச் சுமார் 40 ராத்தல் பலம் வேண்டும்.

வில்லை அவர் உயிருள்ள பொருளாகவே மதித்தார். நிறுத்தி வைத்தால் வில் களைத்துப் போகும் என்பது அவர் நம்பிக்கை. வேலை முடிந்ததும் நாணைத் தளர்த்திப் படுக்க வைத்துவிடுவார். ஒருவரும் அதைத் தாண்டக் கூடாது.

அம்புக்கு ஹேசல் என்ற செடியின் நேரான கிளையைத் தேர்ந்தெடுப்பார். நிழலில் உலர்த்துவார். தணலில் வாட்டி வளைவு எடுப்பார். மணற்கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவார். பின்பக்கம் மூன்று இறகு கட்டுவார்.

முனைதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

மானுக்கு ஒரு முனை. முயலுக்கு ஒரு முனை

எரிமலைக் குழம்பு வேகமாகக் குளிர்ந்தால் கறுப்புக் கண்ணாடி போன்ற கல் உண்டாகும். அதுவே இஷிக்குப் பிடித்த கல். மான் கொம்பின் நுனியைக் கல்லின் ஓரத்தில் வைத்து அழுத்துவார். மீன் செதில் போலச் சில்லுகள் தெறிக்கும். சுமார் அரை மணி நேரத்தில் ஓர் அழகான அம்பு முனை உருவாகிவிடும்.

கண்ணில் சில்லு விழுந்தால்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கீழ் இமையை இழுத்துப் பிடித்துக் குனிந்துகொண்டு, உச்சந்தலையில் ஓங்கி ஓர் அடி! சில்லு வெளியே விழுந்துவிடும்.

வீசி எறிந்த கண்ணாடிப் புட்டியும் அவருக்கு உதவியது. பழுப்பு, நீலம் என்று பல நிறத்தில் முனை செய்தார். ஒளிந்து வாழ்ந்த காலத்திலேயே, குடியேறியவர்கள் எறிந்த புட்டிகளைப் பொறுக்கி அம்பாக்கியவர்கள் யாகி மக்கள்.

அம்பு கொல்லும் விதம் வேறு. துப்பாக்கிக் குண்டு கொல்லும் விதம் வேறு. குண்டு அதிர்ச்சியால் வீழ்த்தும். அம்போ கத்தி போல அறுத்து, இரத்தம் போக வைத்து வீழ்த்தும். ஆகவே மானுக்கு எய்யும் அம்புக்குக் கூர்மை மட்டும் போதாது. இரு பக்கமும் அறுக்கும் ஓரம் வேண்டும்.

அகலமான முனை பெரிய காயம் உண்டாக்கும். ஆனால் உடம்புக்குள் ஆழமாக இறங்காது. ஒடுக்கமான முனை ஆழமாக இறங்கும். ஆனால் காயம் சிறிதாகும். வில்லின் பலத்தையும் விலங்கின் உருவத்தையும் எண்ணிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவான அளவை அறிந்து எடுக்க வேண்டும். தவறாக எடுத்தால் மான் அடிபட்டு ஓடிவிடும். வேட்டைக்காரன் வீட்டில் பட்டினி. மானுக்கோ எங்கோ ஒரு புதரில் நாட்கணக்கில் வேதனை. ஒரு முனையின் தேர்விலே இத்தனையும் அடங்கியிருந்தது.

முயல், அணில், பறவை ஆகியவற்றுக்குக் கூர்முனையே தேவை இல்லை. அவற்றுக்கு மொட்டை முனை அம்புதான். கூர்முனை சிறிய உடம்பைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தரையிலோ மரத்திலோ மோதினால் அரை மணி நேர உழைப்பு நொறுங்கிப் போகும். மொட்டை அம்பு ஓங்கி அடித்த அடி போல விழும். அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

தமிழ் மக்களுக்கு இது புதிது அல்ல. சிறுவன் இராமன் கூனியின் முதுகில் விளையாட்டாக மண் உருண்டை எய்த கதையை அறியாதவர் யார்? மண் உருண்டை எய்யும் அந்த வில்லுக்கு உண்டைவில் என்று பெயர். சிறு குறிக்குக் கூர்முனை வேண்டாம் என்பதை இங்குள்ளவர்களும் அறிந்தே இருந்தார்கள். குமரி மாவட்டத்து மலைகளில் வாழும் காணிக்காரர்களும் ஒரு காலத்தில் வில்லும் அம்பும் ஏந்தி வேட்டைக்குப் போனவர்கள்தான். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியக் காடுகளில் மான் வேட்டை குற்றம் ஆகிவிட்டது.

குறி தப்பாததன் இரகசியம்

வட்டப் பலகையை வைத்துத் தூரத்தில் இருந்து எய்யும் போட்டியில் டாக்டர் போப்பே இஷியை வென்றுவிடுவார். அந்தப் பலகையை இஷி பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் ஒரு காடையின் அளவுக்குச் சிறிய குறியைப் பக்கத்தில் வைத்தால் இஷியின் அம்பு அதைத் தேடிப் போய்த் தைக்கும்.

தூரத்தில் இருந்து எய்வது அவர் வழக்கம் அல்ல. பத்து, இருபது கஜ தூரத்துக்கு நெருங்குவார். குந்தி உட்கார்ந்துகொண்டு, வில்லை உடம்புக்குக் குறுக்காகப் பிடித்து எய்வார்.

அவ்வளவு பக்கத்தில் மான் வருமா? வர வைப்பார்! பதப்படுத்திய மான் தலையைத் தம் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் மெல்ல எட்டிப் பார்ப்பார். என்ன அது என்று மான் தானே நெருங்கி வரும். விரல்களை உதட்டில் வைத்து முத்தமிடுவது போல ஓசை எழுப்புவார். அடிபட்ட முயல் கத்துவது போலவே இருக்கும். முயல்கள் ஓடி வரும்.

வேட்டைக்கு முன் அவருக்கு நோன்பு உண்டு. மீன் சாப்பிட மாட்டார். புகையிலையைத் தொட மாட்டார். விடியற்காலையில் குளிப்பார். மணமுள்ள இலையை உடம்பில் தேய்த்துக்கொள்வார். மனித வாடை விலங்குக்கு எட்டக் கூடாது அல்லவா?

கிடைத்த மானில் எதையும் வீணாக்க மாட்டார். இறைச்சி உணவு ஆகும். தோல் போர்வை ஆகும். நரம்பு நாண் ஆகும். கொம்பு அடுத்த அம்பு முனையைச் செதுக்கும் கருவி ஆகும்.

டாக்டர் போப் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரு பெட்டியில் மாட்டு ஈரலை நிரப்பி, மேலே மான் தோலைப் போர்த்தினார். எஃகு முனை அம்பையும் கல் முனை அம்பையும் ஒரே வில்லில் எய்தார். எது அதிகம் இறங்கியது? கல் முனைதான்! எஃகைப் பழிக்கும் கூர்மை அந்தக் கல்லுக்கு இருந்தது. அதன் குறை ஒன்றே. எலும்பில் பட்டால் உடைந்து போகும்.

மீண்டும் பிறந்த மண்ணில்

1914-ம் ஆண்டு மே மாதம் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் சிறு மகன் ஆகியோர் இஷியுடன் டீர் கிரீக்குக்குப் பயணம் போனார்கள். இஷிக்கு முதலில் மனம் இல்லை. இறந்தவர்களின் நினைவு நிறைந்த இடம் அல்லவா?

போன பிறகு மனம் மாறியது. ஓடையில் நீந்தினார். மீன் பிடித்துக் காட்டினார். ஒளிந்திருந்த இடங்களைக் காட்டினார். ஒவ்வொரு மலைக்கும் மடுவுக்கும் பெயர் சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் படம் வரைந்துகொண்டார்கள்.

தம் இனத்தை அழித்தவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கே தம் இனத்தின் அறிவை அவர் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அந்த வித்தை அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். கற்றுக்கொள்ள அவருக்கு மகன் இல்லை, டாக்டர்தான் இருந்தார்.

ஆறவில்லை ஒரு புண்

நகரத்து நோய்களை எதிர்க்கும் சக்தி இஷியின் உடம்புக்கு இல்லை. காசநோய் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. 1916-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி அவர் கண் மூடினார். டாக்டர் போப் அருகிலேயே இருந்தார்.

அவர் உடலோடு ஒரு வில், ஐந்து அம்பு, ஒரு கூடை ஓக் கொட்டை மாவு ஆகியவற்றை வைத்துத் தகனம் செய்தார்கள்.

ஆனால் ஒரு தவறும் நடந்தது. அறுத்துச் சோதனை செய்யக் கூடாது என்று குரோபர் வெளியூரில் இருந்து கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேருமுன் காரியம் முடிந்துவிட்டது. மூளையைத் தனியாக எடுத்துவிட்டார்கள். 1917-ம் ஆண்டில் அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போயிற்று. அங்கேயே 80 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது! கலிபோர்னியாவின் பழங்குடி மக்கள் விடாமல் கேட்டார்கள். 2000-ம் ஆண்டில்தான் அது அவர்களிடம் திரும்பி வந்தது. அவர் சாம்பலோடு சேர்த்து, அவர் பிறந்த மண்ணிலேயே வெளியாருக்குத் தெரியாத ஓர் இடத்தில் புதைத்தார்கள்.

அம்பு முனை சொன்ன சேதி

டாக்டர் போப் 1923-ம் ஆண்டில் வில்வேட்டையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எஃகினால் அகன்ற முனை செய்யும் முறையை அதில் விளக்கினார். 1926-ம் ஆண்டில் அவரும் மறைந்தார். அமெரிக்காவில் இன்று வில்வேட்டை ஆடுவோர் அவரைத் தங்கள் முன்னோடி என்கிறார்கள். அந்த முன்னோடிக்கும் குரு இஷி.

இஷி செய்த அம்பு முனைகளை 1990-களில் ஓர் ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்தார். அவை பழைய யாகி முனைகளைப் போல இல்லை. பக்கத்து இனத்தாரின் முனைகளையே அதிகம் ஒத்திருந்தன! இஷியின் உறவினரில் ஒருவர் அந்த இனத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று அவர் கருதினார். தம்முடைய பெயரைக்கூடச் சொல்லாமல் மறைந்தவர் இஷி. அவருடைய அம்பு முனையோ அவர் குலக்கதையில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டது.

அவர் கையால் செதுக்கிய முனைகள் கலிபோர்னியாவின் பொருட்காட்சி சாலையில் இன்றும் இருக்கின்றன. சில கறுப்புக் கல்லில் ஆனவை. சில, யாரோ குடித்துவிட்டு எறிந்த புட்டியில் ஆனவை.